சாகாத பேட்டரி

பேட்டரிக்காரரின் சொந்த வண்டியில் புது பேட்டரி ஏறியதே இல்லை. கடை நிறையப் புதுசு அடுக்கி வைத்திருப்பவர், தன் வண்டிக்கு மட்டும் மற்றவர்கள் கழற்றிப் போட்டுவிட்டுப் போனதைத்தான் மாட்டுவார். கஞ்சத்தனம் இல்லை, அது ஒரு வித்தை என்பார். இனி ஆகாது என்று ஒதுக்கியதை எடுத்து, தண்ணீர் ஊற்றி, மெதுவாகச் சார்ஜ் ஏற்றி, இன்னும் சில மாதம் ஓட்டிக் காட்டுவார். அது செத்தால் அடுத்தது.

"அண்ணே, உங்க வண்டிதான் பேட்டரிங்களுக்கு ஆஸ்பத்திரி," என்பான் கடையில் வேலை பார்க்கும் ஆசிட். அவன் சட்டைகள் எல்லாவற்றிலும் ஆசிட் தெறித்த ஓட்டைகள் உண்டு. பெயர் அப்படி வந்தது. "சாகக் கெடக்குறதெல்லாம் அங்க வந்துதான் கண்ண மூடுது."

"மூடுறதுக்கு முன்னாடி நாலு ஊரப் பாக்குதுல்ல," என்பார் இவர்.

இப்போது வண்டியில் இருப்பது சாகவில்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சாவியைத் திருப்பி முடிப்பதற்குள் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. மழையிலும் பிடிக்கிறது, வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் பிடிக்கிறது. வேறு யாராக இருந்தாலும் தடவிக் கொடுத்திருப்பார்கள். இவர் ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் சாவியிலிருந்து கையைச் சட்டென்று எடுத்துக்கொள்வார்.

அது சம்பந்தியின் பேட்டரி.

சம்பந்தி, சம்பந்தி ஆவதற்கு முன்பே இவரிடம் வந்துபோனவர். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் தடவை வந்தபோது, பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்று அவரே சொன்னார். இவர் முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினார். வெந்நீர் ஊற்றிக் கழுவினார். கம்பியை இறுக்கினார். "போங்க சார், இன்னும் நல்லா ஓடும்," என்று அனுப்பிவிட்டார். ஓடியது. அந்த மனிதர் அதைத் தெருத் தெருவாகச் சொன்னார். மகனுக்குப் பெண் தேடியபோது, "பேட்டரி விஷயத்துலயே பொய் சொல்லாத மனுஷன் பெத்த பொண்ணு, அது போதாதா?" என்று மனைவியைக் கேட்டாராம். கல்யாணத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் அதே கதைதான். பேட்டரிக்காரர் தலை குனிந்து சிரித்துக்கொண்டு நின்றார். அன்று அந்தக் கூச்சம் இனிப்பாக இருந்தது.

அந்தப் பழைய பேட்டரி தன் காலம் முடிந்து போனது. வேறொன்று மாட்டிக் கொடுத்தார். கல்யாணத்துக்கு அடுத்த மழைக்காலத்தில் சம்பந்தி குடும்பத்தோடு வெளியூர் போய், போன இடத்திலேயே சில வாரம் தங்கிவிட்டு வந்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. ஆள் வைத்துத் தள்ளி, எஞ்சினை எழுப்பி, கடைக்கு ஓட்டி வந்தார்.

பேட்டரிக்காரர் டெஸ்டரை எடுத்து இரண்டு முனைகளிலும் அழுத்தினார். ஊசி சிவப்பில் விழுந்தது. நின்றே கிடந்த வண்டியில் விழத்தான் செய்யும். பேட்டரி கெட்டிருந்தாலும் விழும், வெறுமனே இறங்கிப்போயிருந்தாலும் விழும். எது என்று தெரிய ஒரே வழிதான் உண்டு. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, மறுநாள் மறுபடி பார்க்க வேண்டும். கடைக்கு யார் வந்தாலும் அதைத்தான் சொல்வார். வச்சுட்டுப் போங்க, நாளைக்குப் பாக்கலாம்.

அன்று அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அன்று காலையில்தான் அவர் வண்டியில் இருந்த கிழட்டுப் பேட்டரி ஒரேயடியாகப் போயிருந்தது. ஒதுக்கிப் போட்டதில் தோதாக வேறொன்றும் இல்லை. இதுவோ அதே அளவு. வீக்கம் இல்லை, விரிசல் இல்லை, முனை இரண்டும் பளிச்சென்று இருந்தன. அவர் கை அரித்தது.

"மாத்திடுங்க, சம்பந்தி."

"இன்னும் கொஞ்ச நாள் வராதா?"

"வராது."

"நீங்க சொன்னா சரி."

அவ்வளவுதான் நடந்தது. புதுசை மாட்டிக்கொண்டு சம்பந்தி போனார். பழசு கடையில் தங்கியது. இரவு சார்ஜில் போட்டார். காலையில் டெஸ்டரை வைத்தபோது ஊசி பச்சைக்கு ஏறி நின்றது. கையை எடுக்கும் வரை அசையவில்லை. போன் செய்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனை எடுக்கவும் செய்தார். பெண்ணைக் கொடுத்த இடம். இந்த ஒன்றுக்காகவே பெண்ணை எடுத்த இடம். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கீழே வைத்தார். அதன்பிறகு எத்தனையோ சாயங்காலங்கள் வந்துவிட்டன.

பேட்டரியின் மூடியில் ஒரு குறி இருந்தது. மாப்பிள்ளை ஒரு தடவை பிளஸ் மைனஸ் மாற்றிக் கம்பி கொடுத்து எதையோ எரித்துவிட, இனி அந்தக் கூத்து வேண்டாம் என்று சம்பந்தியம்மா தன் நகப்பாலிஷால் பிளஸ் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டிருந்தாள். கத்தரிப்பூ நிறம், உள்ளே பொடிப்பொடியாக மினுமினுப்பு. பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பேட்டரிக்காரர் துணியில் பெட்ரோலை நனைக்கவும் செய்தார். துடைத்தால் திருடியது போல ஆகிவிடும் என்று தோன்றியது. அப்படியே விட்டார்.

அது செத்துப் போகட்டும் என்று காத்திருந்தார். செத்தால் அவர் சொன்னது உண்மையாகிவிடும். கொஞ்சம் முன்பின் ஆனாலும் உண்மைதான். தண்ணீர் பார்க்காமல் விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகப்பு விளக்கை எரியவிட்டு வீட்டுக்குள் போனார். அவர் மனைவி போய் அணைத்துவிட்டு வந்து, "மறதி ஆரம்பிச்சிடுச்சு உங்களுக்கு. நாளைக்கு என்னையும் எங்கயாவது விட்டுட்டு வந்து நிப்பீங்க," என்றாள். பேட்டரி எதையும் பொருட்படுத்தவில்லை. நல்ல பேட்டரி.

ஒரு நாள் காலையில் சம்பந்தி போன் செய்தார்.

"சம்பந்தி, வண்டி உசுரே இல்லாம கெடக்கு. உங்க பேட்டரி மேல குத்தம் இல்ல, சொல்லிடுறேன். இவ பின்கதவ ஒழுங்காச் சாத்தல. உள்ள லைட்டு எரிஞ்சுகிட்டே இருந்திருக்கு."

"சாத்துனேன்! காத்துல தொறந்திருக்கும்," என்று பின்னால் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

"கார் கதவு காத்துல தொறக்குமாடி? சம்பந்தி, இவளுக்கு இன்னைக்குக் கண் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கு. யாரையாவது அனுப்ப முடியுமா?"

அனுப்ப ஆள் இல்லை. ஆசிட் கடை வேனை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தான். பேட்டரிக்காரர் யோசித்தார். தன் வண்டியில் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் அதன் பானெட்டைத் திறக்கக் கூடாது. நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்றைத் தூக்கி டிக்கியில் வைத்தார். அதை அவர்கள் வண்டிப் பக்கத்தில் இறக்கி வைத்து, அதிலிருந்து கம்பி கொடுத்தால் வேலை முடிந்தது. தூக்கும்போது முதுகில் சுருக்கென்றது. பேட்டரி தூக்கித் தூக்கியே போன முதுகு.

வீட்டு வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். சம்பந்தியம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கைப்பையோடு தயாராக. பேட்டரிக்காரரின் மகள், கையில் தண்ணீர் பாட்டிலோடு. சம்பந்தி தன் வண்டியின் பானெட்டைத் திறந்து தாங்கு கம்பியை நிறுத்தி வைத்திருந்தார்.

"வாங்க அண்ணா," என்றாள் சம்பந்தியம்மா. "இவரு காலையிலேர்ந்து ஒரே பாட்டு. நான் என்னமோ லிஃப்ட அறுத்துவிட்ட மாதிரி."

"ஒரு நிமிஷம்மா, முடிஞ்சிடும்," என்று பேட்டரிக்காரர் டிக்கியைத் திறந்தார். பேட்டரியின் பிடியில் கை வைத்தார்.

"அப்பா, நீங்க தூக்காதீங்க!" என்றாள் மகள். "முதுகு."

"ஒண்ணும் ஆகாது, பாப்பா."

"அட, விடுங்க சம்பந்தி," என்று சம்பந்தி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். "இதை எதுக்கு எறக்கணும்? உங்க வண்டிதான் பக்கத்துலயே நிக்குதே. அதுலேர்ந்து குடுத்தா ஆச்சு. முதுக வச்சுகிட்டு என்ன வீம்பு?"

"இல்ல, இது புதுசு, இதுலதான் சரியா..."

அதற்குள் சம்பந்தி முன்கதவைத் திறந்து, குனிந்து, விசையை இழுத்துவிட்டார். பானெட் டக்கென்று ஒரு விரல் கனத்துக்கு எழுந்தது. அவரே வந்து அதை மேலே தூக்கினார்.

பேட்டரிக்காரர் டிக்கிப் பக்கமே நின்றார். பானெட் மறைத்ததால் சம்பந்தியின் முகம் தெரியவில்லை. டயர் ஓரமாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. கால்கள் அசையவில்லை.

சுற்றிக்கொண்டு முன்னால் போனார். சம்பந்தி கையை எதன் மேலும் வைக்காமல், குனிந்து, பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். பேட்டரிக்காரரைப் பார்க்கவில்லை. கம்பிகளை வாங்கிப் பிரித்தார்.

"என்னங்க, பிளஸ் எதுன்னு தெரியலையா?" என்று சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தாள். "ஏங்க, இது என் நகப்பாலிஷ் மாதிரி இல்ல? அந்தக் கத்தரிப்பூக் கலர்?"

மகள் தகப்பனைப் பார்த்தாள்.

"கத்தரிப்பூவா?" என்றார் சம்பந்தி. "சிவப்புடி அது. இதுக்குத்தான் உன்னக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது." பிறகு, கம்பியை மாட்டிக்கொண்டே, "சிவப்புதானே, சம்பந்தி?" என்றார்.

கேட்ட குரலில் குத்தல் இல்லை. அது ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவரின் குரல்.

"ஆமாம்மா," என்றார் பேட்டரிக்காரர். "சிவப்புதான். கடையில அடையாளத்துக்குப் போடுறது."

"அப்படியா?" என்றாள் சம்பந்தியம்மா. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "எனக்கு வேற மாதிரியில்ல தெரியுது."

சம்பந்தி தன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. போட்டுக் கொடுத்த புது பேட்டரியை, கழற்றிப்போட்ட பேட்டரி எழுப்பிவிட்டது. பேட்டரிக்காரர் குனிந்து கம்பிகளைக் கழற்றிச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார். அவர்கள் கிளம்பும் வரை தலையை நிமிர்த்தாமல் இருக்க அந்த வேலை போதுமானதாக இருந்தது.

மத்தியானம் ஆசிட் கேட்டான், "என்னண்ணே, டெஸ்டர உங்க மேல வச்சா ஊசி எழும்பாது போலிருக்கே?"

"போய் வேலையப் பாருடா."

அவன் போய்ப் பார்த்தான். இவரால்தான் முடியவில்லை. வந்த ஒரு ஆளிடம் எதையோ சொல்ல வந்து, பாதியில் நிறுத்தி, ஆசிடைக் கூப்பிட்டு, நீயே பார்த்துச் சொல்லு என்றுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். சம்பந்தி ஏன் அப்படிச் சொன்னார்? இவரைக் காப்பாற்றவா? மருமகள் முன்னால் அவள் தகப்பன் மானம் போக வேண்டாம் என்றா? எதுவாக இருந்தாலும் அந்த மனிதரும் இப்போது ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இவரால்.

நாலு மணி வாக்கில் மகள் போன் செய்தாள். மொட்டை மாடியிலிருந்து பேசுகிறாள் போலிருந்தது, காற்று இரைந்தது.

"அப்பா, டாக்டர் பாத்துட்டாரு. பவர்தான் கொஞ்சம் மாறியிருக்கு, வேற ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. அத்தை விடல. ‘எனக்கு நிறமெல்லாம் மாறித் தெரியுது, சிவப்பு கத்தரிப்பூவாத் தெரியுது’ன்னு சொல்லிட்டாங்க. அவரு பயந்துட்டு பெரிய ஆஸ்பத்திரில போய் நரம்பு டெஸ்ட் எடுக்கச் சொல்லி எழுதிட்டாரு."

பேட்டரிக்காரர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"வந்ததுலேர்ந்து அத்தை கண்ண மூடிகிட்டுப் படுத்திருக்காங்க. அவங்க அம்மாவுக்குக் கடைசில கண்ணு போயிடுச்சுல்ல, அதையே சொல்லிகிட்டு இருக்காங்க. மாமா பக்கத்துல உக்காந்திருக்காரு. மென்னு முழுங்குறாரு. வாயத் தொறக்கல."

"உங்க மாமா உங்கிட்ட ஏதாவது..."

"ஒண்ணும் சொல்லல." குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, நான் பானெட்டப் பாக்கல. உங்க மூஞ்சியத்தான் பாத்தேன்."

"பாப்பா..."

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். அத்தைகிட்ட சொல்லுங்க. நான் இந்த வீட்டுலதானேப்பா இருக்கேன்."

வெயில் இறங்கும் நேரத்தில் போனார். கூடத்தில் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். சம்பந்தியம்மா சோபாவில் சாய்ந்திருந்தாள், கண்ணில் ஈரத்துணி. காலடியில் சம்பந்தி ஒரு நாற்காலியில் இருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து, மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்பது போல.

"யாரு, அண்ணாவா?" என்றாள் அவள் துணியை எடுக்காமலே. "வாங்க. இனிமே குரல வச்சுத்தான் ஆளக் கண்டுபிடிக்கணும். இப்பவே பழகிக்கிறேன்."

"உங்க கண்ணு நல்லாத்தான்மா இருக்கு," என்றார் பேட்டரிக்காரர். உட்காரவில்லை. "காலையில பாத்தது கத்தரிப்பூதான். உங்க நகப்பாலிஷ்தான். அது உங்க வண்டியில இருந்த பேட்டரி. நான்தான் மாட்டிகிட்டு ஓட்டுறேன்."

துணி நழுவியது. அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நெசமாவா?"

"ஆமாம்மா."

"அப்போ சரியாத்தான் தெரிஞ்சிருக்கு!" அவள் எழுந்தே விட்டாள். திரையை ஒதுக்கினாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக் கதவை, கொடியில் காய்ந்த துணியை, தன் விரல்களை மாறி மாறிப் பார்த்தாள். "சிவப்பாம் சிவப்பு! ஏங்க, கொஞ்ச நேரத்துல என்னக் குருடியாக்கிட்டீங்களே. கலரு கூடத் தெரியாம நீங்க எப்படி லிஃப்டுக்குக் கம்பி கொடுத்தீங்க?"

"சரியாப் பாக்கலடி," என்றார் சம்பந்தி.

"அண்ணா, நீங்களும்தான் ஆமா போட்டீங்க!" என்று இவர் பக்கம் திரும்பினாள். ஆனால் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வெக்கப்பட்டுகிட்டா? செத்துப்போச்சுன்னு நாங்க தூக்கிப் போட்டத எடுத்து மாட்டிகிட்டீங்க. வீணாப் போறது உதவுச்சு. இதுல என்ன இருக்கு? இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வச்சுகிட்டு..."

மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கடையில் வேலை இருக்கிறது என்றார். சம்பந்தி வெளிக்கதவு வரை கூட வந்தார். இரண்டு பேரும் இரும்புக் கதவின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"இதோட விட்டுடுங்க, சம்பந்தி," என்றார் அவர் குரலைத் தணித்து. "எனக்குக் காலையில பாத்ததும் திக்குன்னுதான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நானும் இதே வேலை பாத்தவன்தான். லிஃப்டு ரோப்பு நல்லாத்தான் இருக்கும். ஆனா ஆளு ஏறுற விஷயமாச்சேன்னு பயந்து கழட்டச் சொல்லிடுவோம். நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீங்க. உங்க பொண்ணு போற வண்டி. நடுவழியில நின்னா என்ன ஆகும்னு பயந்து."

நல்ல காரணம். பேட்டரிக்காரருக்கே தோன்றாத காரணம். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. தலையை ஆட்டினால் போதும். வேறு யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. காலையில் ஒரு தடவை ஆட்டிய தலைதான்.

"பயந்து சொல்லல, சம்பந்தி," என்றார்.

சம்பந்தி பார்த்தார்.

"சார்ஜ் போட்டுப் பாத்திருக்கணும். பாக்கல. அது நல்ல பேட்டரின்னு கையில தொட்டப்பவே தெரியும். எனக்கு வேணும்னு இருந்துச்சு. அதான் வராதுன்னு சொன்னேன். நல்லா ஓடுது. இன்னும் ஓடும்."

சம்பந்தியின் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இறங்கியது. அவர் காலையில் பொய் சொன்னது இவரைக் காப்பாற்ற என்றுதான் பேட்டரிக்காரர் நினைத்திருந்தார். பயந்துதான் சொன்னார் என்ற அந்தக் கதையை, காலையிலிருந்து அந்த மனிதர் தனக்காகவே கட்டி வைத்திருந்தார் என்பது இப்போதுதான் புரிந்தது. அதை நம்பித்தான் மனைவி பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் கை கதவுக் கம்பியில் இருந்தது. கதவைச் சாத்தவில்லை. திறக்கவும் இல்லை.

"அண்ணா போயிட்டாரா?" என்று உள்ளேயிருந்து சம்பந்தியம்மா சத்தமாகக் கேட்டாள்.

"இல்ல," என்றார் சம்பந்தி, திரும்பிப் பார்க்காமல். "நிக்கிறாரு."